‘ஏன்’ டீச்சர்

“கிளச்ச விடுங்க. மெதுவா. மெ...து...வா. ஆங், இப்ப சொல்லுங்க, இயேசுவோட கல்லறைக்கு முதல்ல போனது யாரு?”

காரைப் பின்னால் எடுக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். கழுத்தைத் திருகிக்கொண்டு, ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் ஒரு கண்ணைத் தெருவிலும் வைத்துக்கொண்டு நான் திணறும் நேரம் பார்த்து.

“பெண்கள்.”

“கரெக்ட். அந்தக் காலத்துல பொம்பளைங்க சாட்சிக்குப் பெரிய மதிப்பு உண்டா?”

“இருந்திருக்காது.”

“இல்லேல்ல? அப்ப கதை கட்டறவன், எவனும் மதிக்காத சாட்சிய எதுக்கு முதல்ல கொண்டுவந்து நிறுத்தறான்? ஏன்? யோசிங்க சார். பின்னாடி கம்பம் ஒண்ணு நிக்குது, அதையும் சேத்து யோசிங்க.”

பக்கத்து இருக்கையில் டீச்சரின் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் அழுந்தியது. இறங்கிப் பார்த்தேன். காருக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு உள்ளங்கையைச் செருகலாம், அவ்வளவுதான். டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்லறை விஷயத்தில் நான் இன்னும் பதில் சொல்லாததுதான் அவருக்குக் குறை.

கார் ஓட்டக் கற்றுத் தருவது அவர் தொழில். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குள்ளமான உருவம், மூக்குக்கண்ணாடி, இருக்கையில் ஒரு திண்டு போட்டு உட்கார்ந்தால்தான் டேஷ்போர்டுக்கு மேலே தலை தெரியும். குரல் மட்டும் அடுத்த வரிசையில் போகிற லாரிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. மாணவன் நன்றாக ஓட்டினால் ‘தம்பி’ என்பார், சொதப்பினால் ‘சார்’. நாற்பதைக் கடந்த பிறகு வண்டி ஓட்டக் கற்க வந்தவன் நான். முதல் மாதம் முழுக்க எனக்கு மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

‘ஏன் டீச்சர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் பொருத்தமாக வைத்திருக்கிறார். “கியர் மாத்தினீங்க, சரி. ஏன் மாத்தினீங்க?” என்பார். “நீங்க சொன்னீங்கன்னு” என்றால் போச்சு. “நான் சொன்னா மாத்திடுவீங்களா? நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். வண்டி என்ன சத்தம் போட்டுச்சு? அதைக் கேட்டு மாத்துங்க.” கடவுள் விஷயத்திலும் அவருக்கு இதே பேச்சுத்தான். யாரோ சொன்னார்கள் என்று நம்புகிறவனைக் கண்டால், யாரோ சொன்னார்கள் என்று நம்பாதவனைக் கண்டது போலவே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் காரின் டேஷ்போர்டில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அதுவா? பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் உண்டா இல்லையான்னு பேசிட்டிருந்தப்ப கொஞ்சம் தட்டிட்டேன்.” ஒரு முறை சட்டம் படிக்கிற பெண்ணொருத்தி, சிக்னலில் சிவப்பு விழுந்திருந்த இடைவெளியில், அவர் அதுவரை கேட்டிராத ஒரு மறுப்பைச் சொல்லிவிட்டாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. “ஆஹா! ஆஹா! இது எனக்குத் தோணவே இல்லையே!” என்று கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அந்தப் பெண்ணின் கையை ஜன்னல் வழியே பிடித்துக் குலுக்கியிருக்கிறார். பச்சை விழுந்து, பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தது அவர் காதில் ஏறவே இல்லையாம். தன் கட்சியை ஒருத்தர் இப்படிப் போட்டு உடைக்கும்போது சந்தோஷப்படுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் எந்தப் பக்கமும் இல்லீங்க” என்று முதல் வகுப்பிலேயே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“அப்ப நடு ரோட்டுல நிக்கறீங்க. ரெண்டு பக்கமும் அடிபடற இடம் சார் அது.”

டீச்சரின் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வார்த்தைகளையும் மாத்திரையைப் போல எண்ணிக் கொடுக்கிறவர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தன் அம்மா இறந்த பிறகு, “இனிமே நான் சபைக்குள்ள வரல” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். மற்ற வீடாக இருந்தால் அழுகையும் உபவாசமும் நடந்திருக்கும். டீச்சர் கேட்டது ஒரே சொல்: “ஏன்?” அவர் ஒரு காரணம் சொன்னார். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் டீச்சர் நூலகத்தில் உறுப்பினரானார். தத்துவம், வரலாறு, வானியல் என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, பதிலைத் தயார் செய்துகொண்டு சமையலறையில் காத்திருந்தார். வீட்டுக்காரர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை.

ஒரு காலை நேரம் அவர்கள் வீட்டில் இருந்தேன். அடுப்பில் பால்.

“எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னா, கடவுளுக்கு?” என்றார் வீட்டுக்காரர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

“எல்லாத்துக்கும்னு நான் எங்க சொன்னேன்? ஆரம்பிச்சது எல்லாத்துக்கும்னு சொன்னேன்.”

“போன வாரம் எல்லாத்துக்கும்னுதான் சொன்ன.”

டீச்சர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். “ஆமா. சொன்னேன். அது ஓட்டைதான். வாபஸ்.” பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கேஸை மூடித் துடைத்தது நான்தான். “பாத்தீங்களா தம்பி?” என்றார் டீச்சர், முகமெல்லாம் மலர்ந்து. “எங்க வீட்டுல ஓட்டை பாத்துச் சொல்ல ஆள் இருக்கு. சபையில யாரு இருக்கா? நான் எதைச் சொன்னாலும் ஆமென் போட்டுடறாங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். சபை வாசலில் டீச்சர் இறங்கிக்கொள்வார். வீட்டுக்காரர் காரிலேயே உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார். “வாசல்வரைக்கும் விசுவாசி” என்று டீச்சர் அவரை அறிமுகப்படுத்துவார். அவர் மறுப்பதில்லை.

சபையில் டீச்சருக்கு ஒரு வாலிபர் வகுப்பு இருந்தது. அதுதான் அவருக்கு உயிர். வாரம் முழுக்கக் கார்களில் சேர்த்த கேள்விகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவார். அந்த வகுப்பில் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அவர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

ஒரு ஞாயிறு மதியம் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வருகிறார், விசுவாசத்துக்கு அறிவியல் ஆதாரம் காட்டப்போகிறார் என்று சொல்லி என்னையும் கூப்பிட்டார். டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

பேச்சாளர் நன்றாகப் பேசினார். மணிமணியான குரல். கடைசியில் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, திரையில் ஒரு படம் போட்டார். இதயத்துடிப்பு வரைபடம், கோடுகள் ஏறி இறங்கி, நட்ட நடுவில் அச்சாக ஒரு சிலுவை. கடவுளே இல்லை என்று ஊரெல்லாம் முழங்கிவந்த ஒரு பெரிய மருத்துவர், தன் இதயம் நின்று மறுபடி துடித்த நொடியில் பதிவானது இது, அன்றே அவர் மண்டியிட்டார் என்றார். கூடம் மூச்சை இழுத்தது. எனக்குப் பின்னால் ஒரு அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

டீச்சரின் கை மேலே போயிருந்தது.

“அந்த டாக்டர் பேரு என்னங்க?”

பேச்சாளர் புன்னகைத்தார். “பேர் முக்கியமா சகோதரி?”

“எந்த ஊரு? எந்த ஆஸ்பத்திரி?”

“விசுவாசத்துக்கு விலாசம் எதுக்கும்மா?”

டீச்சர் எழுந்தே விட்டார். “நம்ம வேதத்துல விலாசம் இருக்குங்களே. ஊர் பேரு இருக்கு. யாரு ராஜா, யாரு கவர்னர்னு எழுதியிருக்கு. சிலுவையத் தூக்க ஒத்தாசை பண்ண ஆளோட பிள்ளைங்க பேரு வரைக்கும் இருக்கு. சந்தேகம் இருந்தா போய்க் கேட்டுக்கோன்னு எழுதி வெச்ச மாதிரி இருக்கு. உங்க டாக்டருக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?”

யாரோ விளக்கைப் போட்டார்கள். வாலிபர் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. தனக்கும் ஒருவர் அனுப்பியதுதான், தீர விசாரிக்கவில்லை என்று பேச்சாளர் முணுமுணுத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. கூட்டம் எப்படி முடிந்தது என்றே தெரியவில்லை. ஜெபம் சுருக்கமாக நடந்தது, ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

மேடைப் பக்கத்தில் போதகரும், சபைப் பெரியவரான மூப்பரும் டீச்சரை நிறுத்தினார்கள். போதகர் இளைஞர், பேச்சாளரை அழைத்துவந்தவர் அவர்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூப்பர்தான் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சர் சமாளித்திருப்பார்.

“ஒரு அம்மா அழுதாங்க, பாத்தீங்களா? வீட்டுல படாத பாடு படறவங்க. அந்தப் படத்தப் பாத்து அவங்களுக்கு ஒரு ஆறுதல் வந்துச்சு. அதைத் தட்டிப் பறிச்சு உங்களுக்கு என்ன கிடைச்சுது?”

டீச்சர் தடுமாறி நான் அதுவரை பார்த்ததில்லை.

“அது... அது எனக்கும் வலிக்குதுங்க” என்றார் மெல்ல. “ஆனா அந்த அம்மா வீட்டுக்குப் போயி பேரன்கிட்ட சொல்லுவாங்க. அவன் உடனே போன்ல தேடிப் பாப்பான். பொய்யின்னு வரும். அப்ப அவன் எதைத் தூக்கிப் போடுவான்? அந்தப் படத்தை மட்டுமா?”

“உங்களுக்கு எல்லாமே வாதம்தான். விசுவாசம் வேற, வாதம் வேற. கொஞ்ச நாளைக்கு வாலிபர் வகுப்ப வேற யாராவது பாத்துக்கட்டும்.”

டீச்சர் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார். வகுப்பு போயிற்று என்பது உள்ளே இறங்குவது முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. நாற்காலிகளுக்கு நடுவே, மடித்த செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகும் மனைவி வரவில்லையே என்று வாசலுக்கு வந்தவர், பேசியதெல்லாம் கேட்டிருக்கிறார். அத்தனை வருடத்தில் அவர் உள்ளே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அவரை அடையாளம் கண்டு மூப்பர் வழிவிட்டு நகர்ந்தார்.

“நான் நம்பாதவன். உங்க விஷயத்துல தலையிட எனக்கு உரிமையில்ல” என்றார். “ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இவ தினமும் என்கிட்ட வாதாடறா. எப்படியாவது என்னை ஜெயிக்கணும்னு இவளுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். அப்படியும் இத்தன வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. கடவுளுக்காகக்கூடச் சொன்னதில்ல. தப்புன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே விட்டுடுவா. இவ பேசறத நான் இன்னும் உக்காந்து கேக்கறேன்னா அது ஒண்ணுக்காகத்தான். அதையும் பிடுங்கிட்டீங்கன்னா, என்னை மாதிரி ஆளுங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேற என்ன இருக்கு?”

அவர் ஒரு மூச்சில் இவ்வளவு பேசி டீச்சரே கேட்டதில்லை. “நீங்க... நீங்க உள்ள வந்துட்டீங்க” என்றார், வேறொன்றும் தோன்றாமல்.

“வெளிய வெயில்” என்றார் வீட்டுக்காரர்.

இளம் போதகர் தலையை நிமிர்த்தினார். “அந்தப் படத்த நான் முதல்லயே பாத்தேன் அக்கா. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. கேக்கறதுக்குப் பயம். நீங்க கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா?” மூப்பரைப் பார்த்தார். “ஐயா, வகுப்பு அக்காகிட்டயே இருக்கட்டும். அது மட்டுமில்ல. அடுத்த ஞாயிறு இதே கூடத்துல யாரு வேணும்னாலும் வந்து கேள்வி கேக்கட்டும். அக்கா பதில் சொல்லட்டும்.” பிறகு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். “முதல் கேள்வி உங்களுது.”

மூப்பர் தாடையைத் தடவிக்கொண்டார். “சரி” என்றார். “ஆனா நானும் கேப்பேன்.”

“கேளுங்க! கண்டிப்பாக் கேளுங்க!” என்று டீச்சர் கைகொட்டினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அந்த வாரம் எனக்கு நடந்த வகுப்புகளில் நான் என்ன ஓட்டினேன் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் எல்லாக் கேள்விகளையும் என்மேல் ஒத்திகை பார்த்தார். அந்த அழுத அம்மாவின் வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தாராம். “ஆறுதல் சொல்லப் போனேன். அந்த அம்மா என்கிட்டயே கேக்கறாங்க, சிலுவைக் கோடு பொய்யினா நிசமானது எதுன்னு. பாதி நாள் அங்கதான்!”

வீட்டுக்காரர் மட்டும் என்ன கேட்கப்போகிறார் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. கார் ஓட்டக் கற்றவர்களே ஒரு கூட்டம். சட்டம் படிக்கிற பெண் தோழிகளோடு வந்திருந்தாள். டீச்சர் மேடையேற மறுத்துக் கீழேயே நின்றுகொண்டார். குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கியபடி, பந்தயத்துக்கு நிற்கிற சிறுமியைப் போல.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

“நாம வீட்டுல உலகம் எப்படி ஆரம்பிச்சுதுன்னுதான் சண்டை போடுவோம்” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். “நான் விட்டுப்போனதுக்கு அது காரணமில்ல. எங்க அம்மா நம்பினாங்க. வலியில கத்திக்கிட்டே நம்பினாங்க. வலி மாத்திரை விக்கறவன் நான், பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க ஜெபத்துக்கு ஏன் பதில் வரல? இதான் கேள்வி.”

டீச்சரின் குதிகால் தரையில் பதிந்தது.

“இதை ஏன் என்கிட்ட முன்னாடி கேக்கல?”

“நீ பதில் சொல்லிடுவியோன்னு.”

டீச்சர் கையிலிருந்த மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“அதுக்குப் பெரியவங்க எழுதின பதில் நிறைய இருக்கு. எனக்கு மனப்பாடம். சிலது நல்ல பதில்தான். ஆனா அத்தைக்கு உடம்பு துடைச்சுவிட்டது நான்தான். அந்த ரூம்ல அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு எதைச் சொல்ல முடியாதோ, அதை இங்க மைக்கப் பிடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குத் தெரியலங்க. ஏன் பதில் வரலன்னு எனக்குத் தெரியல.”

மூப்பர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அப்புறமும் நீ ஏன் நம்பற?” என்றார் வீட்டுக்காரர்.

டீச்சரின் முகத்தில் அந்த வெளிச்சம் திரும்பி வந்தது. “ஆங்! இதக் கேளுங்க! நான் நம்பறவரு மேல உக்காந்துக்கிட்டு நம்ம வலிய வேடிக்கை பாக்கறவரு இல்ல. சிலுவையில தொங்கினப்ப அவரே ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’னுதான் கத்தினாரு. அவருக்கும் அந்த நேரத்துல பதில் வரல. ஆனா அதோட முடியல, உயிரோட எழுந்துட்டாருன்னு கல்லறைக்குப் போன அந்தப் பொம்பளைங்க வந்து சொன்னாங்க. அந்தச் சாட்சிய நான் எத்தனை தடவை குடைஞ்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் சேந்து குடைஞ்சிருக்கீங்க. எனக்கு அது விழாம நிக்குது. அது நிக்கறதால, தெரியாதத அவர்கிட்ட விட்டுட்டு நிக்கறேன். கல்யாணத்தன்னிக்கு உங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கொஞ்சூண்டு. ஆனா அந்தக் கொஞ்சத்த நல்லா விசாரிச்சுட்டுத்தான் கழுத்த நீட்டினேன். மிச்சத்துக்கு உங்கள நம்பி வந்தேன். கண்ண மூடிக்கிட்டு வந்தேன்னு சொல்லுவீங்களா?”

கூடம் சிரித்தது. மருந்துக்கடைக்காரரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எனக்கு அந்தச் சாட்சி போதல” என்றார்.

“தெரியும். திங்கக்கிழமை காலையில மறுபடி ஆரம்பிப்போம்.”

அப்புறம் கேள்விமேல் கேள்வி. மூப்பர் மூன்று கேட்டார். ஒன்றுக்குப் பதிலில்லை என்று ஒப்புக்கொண்டதும் அவரே முதலில் கைதட்டினார். சட்டம் படிக்கிற பெண்ணும் டீச்சரும் மோதியதில் இரண்டு நாற்காலி கவிழ்ந்தது. போதகர் மணியைக் காட்டிக் கெஞ்சித்தான் கூட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். டீச்சர் வியர்வையோடு வந்து கணவர் பக்கத்தில் நின்று, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். மருந்துக்கடைக்காரர் பாடவில்லை. ஆனால் கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். எழுத்து பொடியாக இருந்தது. டீச்சர் பாட்டை நிறுத்தாமலே தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, அதை அவர் காதுகளில் மாட்டிவிட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை மனப்பாடமாகப் பாடினார்.